பிள்ளைக்கு அலைப்பலகை வாங்க முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



சீசன் தொடங்கிவிட்டது. அறுகம்குடாவில் வெளிநாட்டார் வந்து இறங்க, வகுப்பில் பிள்ளைகளின் பேச்சும் மாறிவிடும். இந்த மாதத்துக்குள் நாலு வாப்பாமார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், மகன் அலையில படுத்துப் போற போட் ஒண்டு வேணுமெண்டு நிக்கான். எத வாங்குற? கனக்கக் காசு போகுமா?"

ராத்தாவின் மகனுக்கு இரண்டு வருடத்துக்கு முன் பொடிபோர்ட் ஒன்று தேடியது நான்தான். அப்போது கடை கடையாகக் கேட்டும், கடலில் இறங்குகிற தம்பிமாரிடம் விசாரித்தும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைக்கிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் பக்கத்தில் எத்தனையோ உம்மாமார் பிள்ளையைக் கடற்கரைக்கே விடவில்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் ஒரு தலைமுறை கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாமல் போனது. இப்போதுதான் பிள்ளைகள் திரும்பவும் இறங்குகிறார்கள். 2018இல் நம் குடாவிலேயே பெண்களுக்கென்று ஒரு சேர்ஃபிங் கழகமும் தொடங்கியது. நல்ல விடயம். ஆனால் எந்தச் சாமானோடு இறங்குகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் ஒன்று. இது பணக்காரர் விளையாட்டு இல்லை. இந்தப் பலகையை 1971இல் ஹவாயில் டொம் மோரி என்பவர் உருவாக்கினார். ஒரு துண்டு ஃபோமை வெட்டி, மேலே பத்திரிகைத் தாளை வைத்து, உடுப்பு அழுத்துகிற அயன்பெட்டியால் சூடுகாட்டித்தான் அதற்கு வடிவம் கொடுத்தார். தொடக்கமே வீட்டுச் சாமானில்தான்.

பலகையின் உள்ளே என்ன இருக்கிறது?

கடையில் பிள்ளை பார்ப்பது மேலே உள்ள சுறாப் படத்தை. நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் ஃபோமை. மலிவான பலகைகளில் அநேகமானவற்றில் இருப்பது ரெஜிபோம், மீன் பெட்டி செய்கிற அதே சாமான்தான். மேலே துணி போர்த்தியிருப்பார்கள். கொஞ்சம் பாரமான பிள்ளை நல்ல அலையொன்றில் போனால் நடுவால் முறியும். தோல் கிழிந்தால் தண்ணீர் இறங்கும். உடைந்த வெள்ளை மணிகள் எல்லாம் கரையில் பரந்து கிடக்கும். ஐந்தாறு வயதுப் பிள்ளை முழங்கால் தண்ணீரில் விளையாட அது போதும். பத்து வயதுக்கு மேல் என்றால் அந்தக் காசு வீண்.

அடுத்தது பொலிஎதிலீன் ஃபோம். மெத்தென்று வளையும், தொடங்குகிறவருக்கு நல்லது. அதற்கு மேலே பொலிப்ரொப்பிலீன். அது விறைப்பானது, விலையும் கூட. நம் கடல் சூடான கடல், அதில் பொலிஎதிலீன் இன்னும் கொஞ்சம் இளகும். அதனால் நடுவில் ஸ்ட்ரிங்கர் என்கிற கம்பி வைத்த பொலிஎதிலீன் பலகை கிடைத்தால், படிக்கிற பிள்ளைக்கு அது தாராளம். பெரிய பொடியன்மாருக்கு, காசு இடம்கொடுத்தால், பொலிப்ரொப்பிலீன்.

அளவு

பலகையை நிமிர்த்தி நிலத்தில் வைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். மேல் நுனி தொப்புள் மட்டத்துக்கு வர வேண்டும். ஓர் அங்குலம் கூடிக் குறைந்தால் பாதகமில்லை. "வளருவான்தானே" என்று பெரிதாக எடுக்காதீர்கள். உடுப்புக்கு அந்தக் கணக்குச் சரி. பலகை பெரிதானால் கையால் அடக்க முடியாது, அலை பிடுங்கிக்கொண்டு போகும்.

கால் துடுப்புதான் முக்கியம்

எல்லோரும் பலகைக்குக் காசைக் கொட்டிவிட்டு ஃபின்ஸ் என்கிற கால் துடுப்பை மறந்துவிடுகிறார்கள். நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான். கால் நிலத்தில் முட்டாத இடத்தில் பலகையை ஓட்டுவது கால். வெறுங்காலால் உதைத்து அலையைப் பிடிப்பதும் கஷ்டம், இழுவையிலிருந்து விலகுவதும் கஷ்டம்.

சீசனில் நம் ஊரில் வீசுகிற கச்சான், கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. பலகை காற்றுக்கு இலேசான சாமான். கால் துடுப்பு இல்லாத பிள்ளை அதில் படுத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரைத் தாண்டினால், எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்பதே அவனுக்கு விளங்காது.

முருகைக்கல் பார்க்கப் போடுகிற நீளத் துடுப்பு இதற்குச் சரிவராது. கட்டையான, விறைப்பான இறப்பர் துடுப்பு வேண்டும். காலில் இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் விரல் மரக்கக் கூடாது. குதிக்கால் உரசிப் புண்ணாகாமல் உள்ளே ஒரு சொக்ஸ் போடலாம். அலையில் கழன்றால் தேடி எடுப்பது கடினம், ஆகவே கணுக்காலோடு சேர்த்து ஒரு நாடா கட்டிவிடுங்கள்.

கைப்பட்டியும் உடுப்பும்

பலகையையும் கையையும் இணைக்கிற சுருள் பட்டி கட்டாயம். அது இல்லாவிட்டால் பலகை கழன்று பக்கத்தில் குளிக்கிற சின்னப் பிள்ளையின் முகத்தில் அடிக்கும்.

ஜீன்ஸும் பருத்தி உடுப்பும் நனைந்தால் பாரமாகி இழுக்கும். உடம்போடு நிற்கிற, இலேசில் காய்கிற முழுக்கை நீச்சல் உடுப்பு ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் நல்லது. வெயிலையும் மறைக்கும், பலகை உரசி வயிறு சிவப்பதையும் தடுக்கும். நம் பெண் பிள்ளைகளுக்கு இந்த உடுப்பில் எந்தச் சங்கடமும் இல்லை.

காசுக் கணக்கு

2022இல் டொலர் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்து 360 வரை ஏறிய பிறகு, இறக்குமதிச் சாமான் எதுவும் பழைய விலைக்கு இறங்கவில்லை. அதனால் புதுசுதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். பலகையைப் பாவித்ததாக எடுங்கள், கால் துடுப்பைப் புதிதாக, அளவு பார்த்து எடுங்கள். கையிலிருக்கும் காசில் பாதிக்குக் கிட்ட துடுப்புக்குப் போனாலும் பரவாயில்லை. சீசன் முடிகிற செப்டெம்பர், ஒக்டோபரில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் சாமானைச் சுமக்க விரும்பாமல் விற்றுவிட்டுப் போவதுண்டு. அவசரமில்லை என்றால் அதுவரை பொறுங்கள்.

பாவித்த பலகையில் நாலு இடம் பாருங்கள். அடிப்பக்கத்தில் குறுக்காக மடிந்த கோடு ஓடினால் அது முறியத் தொடங்கிவிட்டது. மேலே தடவும்போது கொப்புளம் போல் எழும்பியிருந்தால் தோல் ஃபோமை விட்டுக் கழன்றிருக்கிறது. தூக்கிப் பார்த்து அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர். பட்டி கோக்கிற ஓட்டை ஆடினால் அங்கேயே பிய்யும். சின்னக் கீறல்களைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

வாங்கிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் படுக்க வையுங்கள். வெயிலில் நிற்கிற ஓட்டோவுக்குள் விட்டால் ஒரு பகலிலேயே கொப்புளம் போடும்.

எங்கே இறங்குவது

மெயின் பொயின்ட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அங்கே அடியில் கல். பேபி பொயின்ட் பக்கம் மணல் தரை, அலையும் சிறிது. முதல் சில மாதங்கள் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வருகிற வெள்ளை நுரையில் படித்தால் போதும். இந்தக் கட்டத்தில் கால் துடுப்புக்கூட அவசரமில்லை. காசு பற்றாத வாப்பாமார் இப்போது பலகையை மட்டும் எடுத்து, துடுப்பு வாங்கும்வரை இடுப்பளவைத் தாண்டாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

பலகை உயிர்காப்புச் சட்டை இல்லை. பட்டி அறுந்தால் பிள்ளையும் கடலும்தான் மிச்சம். நீந்தத் தெரியாத பிள்ளைக்குப் பலகை வாங்குவதற்கு முன் நீச்சலைப் பழக்குங்கள். இழுவையில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், பலகையைப் பிடித்துக்கொண்டு கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் உதைத்து விலக வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். தனியே இறங்க விடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பிள்ளையின் காலுக்குச் சின்னதாகிப்போன துடுப்பு வீட்டில் சும்மா கிடந்தால், அளவைக் கீழே கொமென்ட்டில் போடுங்கள். வேண்டியவர்கள் கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரு பலகையை மாறிமாறிப் பாவிக்கலாம், துடுப்பு அவரவர் காலுக்குத்தான் பொருந்தும்.