உறைபனி விழும் ஊரில் ஈரம் பார்க்கும் கருவி

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சற்றுத் தூரம் போனால் தலைகுந்தா. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அங்கே புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் ஆசையாகப் படம் எடுப்பார்கள். கேரட்டும் உருளையும் போட்டவர்களுக்கு அதே காட்சி வயிற்றைக் கலக்கும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுத் தோட்டம் தப்பினாலும் ஓடைக்கரைத் தோட்டம் கருகிவிடும். தேயிலைச் செடிகளைத் தாகைச் செடியால் மூடுவதும், வெயில் ஏறுமுன் நீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும் இங்குள்ள வழக்கம்.

செடியை மூடுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும் டென்சியோமீட்டரை மறந்துவிடுவது உண்டு. மண்ணின் ஈரம் காட்டும் அந்தக் கருவி, நீர் நிரப்பிய ஒரு குழாய். அடியில் நுண்துளைகள் கொண்ட களிமண் குப்பி. மேலே ஊசி காட்டும் மீட்டர். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். குப்பி மண்ணின் கதகதப்பில் பிழைத்துக்கொள்ளும். வெளியே நிற்கும் குழாயும் மீட்டரும்தான் விரிசல் விடும்.

விரிசல் வழியே காற்று புகுந்தால் ஊசி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யம் என்றால் மண் நிறைய ஈரம் என்று பொருள். அதை நம்பிப் பாசனத்தை நிறுத்தினால் மண் காயும். காய்ந்த மண் பகல் வெயிலைக் குறைவாகவே சேமிக்கும். இரவில் பயிருக்குக் கொடுக்க அதனிடம் வெப்பம் இருக்காது. பொய் சொன்ன கருவியால் பயிர் இரண்டு முறை அடி வாங்கும்.

பனி லேசாக விழும் இடங்களில், மாலையில் மீட்டரைச் சாக்கால் சுற்றி, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து, அடியில் மண் அணைத்தால் போதும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடலாம். தாழ்வான தோட்டங்களில் கடும்பனி நாட்களுக்குக் கருவியையே எடுத்துவிடுவது நல்லது. குழாயை ஆட்டாமல் நேராகத் தூக்கி, நீரை வடித்து, குப்பியைத் துணியால் துடைத்து வீட்டுக்குள் வைக்க வேண்டும். திரும்ப நடுமுன் குப்பியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் கொதித்து ஆறிய நீரை நிரப்ப வேண்டும். உறைந்துபோன கருவியில் வெந்நீர் ஊற்றவே கூடாது.

சந்தேகம் வந்தால் கையளவு மண்ணை எடுத்துப் பிடித்துப் பார்க்கலாம். மீட்டர் பூஜ்யம் காட்டும்போது மண் உருண்டையாகச் சேராமல் உதிர்ந்தால், பழுது மீட்டரில்தான்.