சேவலா பெட்டையா

ஆறு வாரக் கோழிக்குஞ்சு ஒன்றைப் பார்த்து, அது சேவல்தான் என்று போன வருஷம் பொங்கல் லீவில் தீர்ப்புச் சொன்னேன். தவறான தீர்ப்பு. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பத்து வருஷங்களாகத் தீர்ப்புச் சொல்வதையே காரியமாக வைத்திருக்கிறவன் நான். பகலில் வங்கிக் கவுண்டரில் கையெழுத்துகளைப் பார்த்து. இரவில் கவிதைகளைப் பார்த்து. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

என் அத்தை சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். ஐப்பசிக் கடைசியில் 11 முட்டைகளை அடை வைத்தாள். 21-ஆம் நாள் ஒன்பது பொரிந்தன, இரண்டு கூமுட்டை. பருந்தும் கீரியுமாக மூன்றைக் கொண்டுபோயின. நான் போயிருந்தபோது பஞ்சாரத்துக்குள் ஆறு இருந்தன. பக்கத்து வீட்டு மதினி தன் பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது, பங்குனிப் பொங்கலுக்குக் கருப்பசாமிக்கு ஒரு சேவல் தருவதாக நேர்ந்திருந்தாள். “இதுல எது பெரியம்மா சேவலு?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அத்தை குருணையை இறைத்தபடி, “வளரட்டும் தாயி, அதுவே சொல்லும்” என்றாள். நான் குறுக்கிட்டேன்.

எனக்குப் படிப்பறிவு இருந்தது. சேவல் குஞ்சுக்குக் கொண்டை முந்திச் சிவக்கும். கால் தடித்திருக்கும். வால் முளைக்கத் தாமதமாகும். மற்றவை பதுங்கும்போது அது நிமிர்ந்து நிற்கும். உறுதியான அடையாளம் வர மூன்று மாதமாவது ஆக வேண்டும். கழுத்திலும் இடுப்பின் மேலும் சேவலுக்குக் கூர்நுனி இறகுகள், பெட்டைக்கு வட்டநுனி. பண்ணைகளில் சில கலப்பினங்களை முதல் நாளே இறக்கை இறகின் நீளத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆனால் அதற்கென்றே தாய் தகப்பனைத் தேர்ந்து சேர்த்த இனங்களில்தான் அந்த அடையாளம் செல்லும். தெருவில் மேய்கிற நாட்டுக்கோழிக்குச் செல்லாது. இதெல்லாம் தெரிந்திருந்தும், கொண்டை சிவந்து நின்ற கறுப்புக் குஞ்சைக் காட்டி, “இது சேவல், சந்தேகமே இல்லை” என்றேன். கொண்டை தட்டையாக ஒட்டிக்கிடந்த சாம்பல் குஞ்சைப் பெட்டை என்றேன். ஆறில் சேவல் இரண்டு, பெட்டை நான்கு என்று கணக்கும் கொடுத்தேன். மதினி கறுப்பின் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

மாசிக் கடைசியில் மறுபடியும் போனேன். கறுப்பின் கழுத்து இறகுகள் வட்டநுனியாக, சாதுவாகப் படிந்திருந்தன. சாம்பல், துருப்பிடித்த அடிபம்பு மாதிரி ஒரு சத்தத்தில் கூவிப் பழகிக்கொண்டிருந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. மேலத்தெருவில் ஒருவர் வளர்க்கும் சண்டைச் சேவலின் வாரிசு அது. அந்த ஜாதிக்குக் கொண்டையே சிறிதாக, தலையோடு ஒட்டித்தான் இருக்கும். நான் படித்த அடையாளம் நிமிர்ந்த கொண்டைக்காரர்களுக்கு எழுதப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், என் கூட்டுத்தொகை தப்பவில்லை. சேவல் இரண்டு, பெட்டை நான்கேதான். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டிவிட்டது. பேரேட்டில் இப்படி இரண்டு தப்பு ஒரே தொகைக்கு எதிரெதிராக விழுந்தால் டிரையல் பேலன்ஸ் ஒழுங்காக டாலியாகும். யாருடைய கணக்கில் பணம் குறைந்தது என்பதை மட்டும் அது சொல்லாது. செவலைச் சேவலைப் பெட்டைகளுக்கு வேண்டும் என்று அத்தை நிறுத்திக்கொண்டாள். பங்குனியில் சாம்பல் போனது. மதினிக்குக் குறையில்லை, சேவல் நேர்ந்தாள், சேவல் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன்: “உங்களுக்கு முன்னமே தெரியுமா அத்தை?”

“மூணாவது வாரமே தெரியுமே.”

“எப்படி?”

“ரெண்டு குஞ்சு சண்டை போடுறப்பப் பாருய்யா. பெட்டை கொத்திட்டு வெலகிரும். சேவலு நெஞ்சைக் குடுத்துக்கிட்டு நிக்கும்.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“சொல்லிட்டா அன்னையிலயிருந்து அது கோழியில்லய்யா, கறி. பிள்ளைக கூட அதை வேற மாதிரிப் பாக்கும். கொஞ்ச நாளு சும்மா மேயட்டுமேன்னுதான்.”

இந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. இதை வெறும் அறிதல் பிரச்னையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். தத்துவக்காரர்களுக்கும் அப்படித்தான். 1920-களில் ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற இருவர், பிறந்து ஒரு நாளான குஞ்சின் பின்துவாரத்தை மெல்லப் பிதுக்கி உள்ளே தெரியும் குண்டூசித் தலையளவு மேட்டை வைத்து ஆண் பெண் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1933-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்தது. அதில் தேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிரித்துப் போடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது என்பது தத்துவ வகுப்புகளில் வழங்கும் கதை. காரணம் சொல்ல இயலாத அறிவுக்கு உதாரணமாக அவர்களைக் காட்டுவார்கள்.

நானும் இந்தக் கதையை வெகுகாலம் விரும்பி வைத்திருந்தேன். “இது கவிதை, இது கவிதையில்லை, காரணம் கேட்காதே” என்று சொல்ல அது வசதியாக இருந்தது. நம் வட்டத்தில் இப்படிப் பேசாதவர்கள் குறைவு. ஆனால் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரு உளவியலாளர்கள் 1987-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. முன்பின் பழக்கமில்லாதவர்களிடம், எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே உள்ள வடிவம் புடைத்திருக்கிறதா தட்டையா என்று எழுத்தில் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தார்கள். புகைப்படங்களைப் பார்த்துப் பிரிப்பதில் அவர்கள் தேர்ந்தவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். அத்தையும் கேட்டவுடன் காரணம் சொன்னாள். கவுண்டரில்கூட, ஒரு கையெழுத்து ‘இது அதில்லை’ என்று முதலில் கண்ணில் உறுத்துகிறது. எந்தச் சுழி மாறியது என்று பிறகுதான் தேடுகிறேன். ஆனாலும் செக்கைத் திருப்பும்போது காரணத்தைக் குறித்தாக வேண்டும். விமர்சனத்தில்தான் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே அறிய முடியுமா, காரணம் சொல்ல முடியுமா என்பதல்ல சிக்கல். எதற்காக அறிய வேண்டியிருக்கிறது என்பது. ஒரு நாள் குஞ்சை அவ்வளவு அவசரமாகப் பார்ப்பது பறவை மீதுள்ள ஆர்வத்தால் அல்ல. முட்டைக் கோழிப் பண்ணைக்கு ஆண் குஞ்சு உபயோகமில்லை. பிரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2022 தொடக்கத்திலிருந்து இதற்குத் தடை இருக்கிறது. இப்போது முட்டைக்குள்ளேயே ஆண் பெண் கண்டுபிடிக்கும் முறைகள் வந்துவிட்டன. தீர்ப்பு இன்னும் முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். இருபத்திரண்டு வயதுப் பையனின் நாற்பது கவிதைகள். இரண்டே பக்கத்தில், இவரிடம் மொழி இல்லை, மற்றவர்களின் எதிரொலிதான் இருக்கிறது என்று ஸ்தாபித்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அவர் அப்புறம் எழுதவில்லை. அது என் மதிப்புரையால்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு நானே முக்கியத்துவம் கொடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தத் தொகுப்பை இந்தப் பங்குனிக்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். எதிரொலி என்று நான் சொன்னது உண்மைதான். ஒட்டுக்கொண்டை மாதிரி தலையோடு ஒட்டி, நான் பார்க்கப் பழகாத ஏதோ ஒன்றும் ஏழெட்டுக் கவிதைகளில் இருக்கிறது. அது என்னவாக ஆகியிருக்கும் என்று சொல்ல இப்போது வழியில்லை. அன்று நான் சொன்னது தப்பு என்பதைவிட, அன்று அதை யார் கேட்டார்கள் என்பதுதான் உறுத்துகிறது. ஒருவரும் கேட்கவில்லை. பக்கம் இருந்தது, என்னிடம் தீர்ப்பு இருந்தது.

தீர்ப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கண் முன் இருக்கிற போலியைப் போலி என்று சொல்லாமல் விடுவது கருணை ஆகாது. கள்ள நோட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிற காசாளரை யாரும் இரக்கமுள்ளவர் என்பதில்லை. ஆனால் நோட்டு வளராது. வளர்கிற ஒன்றின் விஷயத்தில், தெரிந்திருப்பதும் அதைச் சொல்லிவிடுவதும் இரண்டு காரியங்கள். அவற்றுக்கு நடுவே அத்தையால் பத்து வாரம் வாயை மூடிக்கொண்டு இரை போட முடிந்தது. எனக்குப் பத்து நிமிஷம்கூட முடியவில்லை.

கறுப்புப் பெட்டை இப்போது அடையில் இருக்கிறது. மஞ்சள் கயிறு எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. நேர்ந்துவிட்டது என்பதால் அதை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. ஆசிரியர் எனக்கு அனுப்பிய முதல் தொகுப்பு ஒன்று மூன்று மாதமாக மேஜை மேல் கிடக்கிறது. நான்கு முறை படித்துவிட்டேன். மதிப்புரை கேட்டு இரண்டு கார்டு போட்டுவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் இது.