பழைய கரை கடலுக்குள் இருக்கிறது

கடப்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் ஆலம்பரைக் கோட்டைக்கு ஆட்டோ கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை. நடந்தே போனேன். செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் மதிலில் பாதி இடிந்து கிடக்கிறது. மீதி மேல் ஆடு மேய்கிறது. 1750இல் தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் கையில் பத்தே வருஷம், அதற்குத்தான் எத்தனை பெயர்ப்பலகை!

நான் வந்தது கோட்டைக்காக அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதி மனிதர்கள் கடலோரமாகவே நடந்து இந்தியாவைத் தாண்டி ஆஸ்திரேலியா வரை போனார்கள் என்று ஒரு கருத்து உண்டு. போயிருந்தால் இந்தப் பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தக் கரையைப் பார்க்க ஆசை.

மதில் நிழலில் ஒரு பெரியவர் பச்சை வலையின் கிழிசலை நீல நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, கடல் முன்னாடி எங்க இருந்துச்சு?" என்றேன். ஊசியாலேயே அலைக்கு அப்பால் காட்டினார். "எங்க தாத்தா காலத்துல தோ, அந்தாண்ட. இப்ப உள்ள வந்துடுச்சு சார்."

அவர் சொன்னது இரண்டு தலைமுறைக் கதை. ஐம்பதாயிரம் வருஷத்துக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. அவர்கள் நடந்த மணலும் மூட்டிய அடுப்பும் இப்போது இவர் வலை வீசும் தண்ணீருக்கு அடியில். தோண்டிப் பார்க்க வழியில்லை. ரத்தத்தில்தான் தேட வேண்டும்.

தேடினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பனும் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில் இருப்பது அது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உண்டு. உடனே 'முதல் இந்தியர்' என்று தலைப்பு போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகும் ஒரே ஒரு வரிசை அது. நமக்கோ ஆயிரக்கணக்கான மூதாதையர். போதாததற்கு, ஆஸ்திரேலிய வரிசை மற்றவற்றிலிருந்து பிரிந்தே சுமார் ஐம்பதாயிரம் வருஷம் ஆகிறது என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. உறவு உண்மைதான், ஆனால் ரொம்ப தூரத்து உறவு.

படகுத்துறைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்; எண்ணினேன், இருபத்தைந்து பேர். கணக்குப்படி இவர்களில் ஒருவருக்கு வேறொரு பரம்பரை அடையாளம் இருக்கலாம். இதயத் தசையின் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைச் சொல்கிறேன். தண்டபாணியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இது உண்டு. உள்ளவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் இதயம் தளர்கிறது. அதற்குள் பிள்ளை பெற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. இயற்கை அதைக் களையெடுக்காமல் விட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

துறையை ஒட்டி ஓர் அம்மாள் நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். உயிர் நண்டின் கொடுக்கை நூலால் கட்டி ஒரு கூடையில். செத்தது மறு கூடையில். விலை கேட்கப் போய்க் குடும்பக் கதைக்கு வந்துவிட்டோம். மகளைத் தன் தம்பிக்கே கொடுத்திருக்கிறார். "வெளிய குடுத்தா, கடல் தெரியாதவன் வூட்ல போய் இன்னா பண்ணும் அது?"

தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆனால் பரம்பரை நோயைத் தவிர்க்கச் சொந்தத்தை விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினர் 2013இல் சொன்னது இது: சுமார் 4,200 முதல் 1,900 வருஷத்துக்கு முன்பு வரை இந்தியாவில் எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள்; பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள். 2017இல் அவர்களே 263 குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81, சில குடும்பங்களிலிருந்தே பெருகியவற்றைப் போலத் தெரிந்தன. அப்படிப்பட்ட குழுவில் முன்பின் தெரியாதவரைக் கட்டினாலும் மரபணுவுக்கு அவர் சொந்தக்காரர்தான். வைசியர் சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையில் தசை தளர்த்தும் ஒருவகை மருந்து கொடுத்தால் மணிக்கணக்கில் மூச்சுத் திரும்பாது. அது இப்படித் தங்கிவிட்ட குறை. முன்பே கேட்டறிந்தால் மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார். ஐம்பதாயிரம் வருஷத்துப் பயணத்தைவிட இந்த இரண்டாயிரம் வருஷத்துச் சம்பந்தங்கள்தான் ஆஸ்பத்திரியில் உதவும்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லவில்லை. தராசில் நண்டை வைத்தபடியே அவர் கேட்டார்: "நீ எங்க கட்டின தம்பி?"

"அத்தை பொண்ணுதாங்க."

"அப்புறம் இன்னா!" என்று சொல்லி, எடைக்கு மேல் ஒரு நண்டு போட்டார்.