விண்மீன்களிடையே ஒரு பயணம்

பழைய கணிப்பொறித் திரையில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால், அதன் சுவடு அழியாமல் பதிந்துவிடும். அதனைத் தடுக்க அசைபடங்கள் அமைத்தனர். 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 3.1-இல் அத்தகைய படம் ஒன்று இருந்தது. கரிய திரையின் நடுவே வெண்புள்ளிகள் தோன்றி, நம்மை நோக்கி விரைந்து வந்து, விளிம்பில் மறையும். நாமே விண்வெளியில் பறப்பது போலத் தோன்றும்.

அதுபோன்ற படத்தை நானே ஆக்க வேண்டும் என்னும் அவா மாணவப் பருவத்தில் எனக்கு எழுந்தது. "நாளை மாலை உன்னை விண்வெளிக்கு அழைத்துச் செல்கிறேன்" என்று தங்கையிடம் வீரம் பேசிவிட்டேன்.

அன்றிரவே நிரல் எழுதினேன். இருநூறு புள்ளிகளைத் திரையில் தூவி, நடுவினின்று வெளிப்புறமாக ஒரே வேகத்தில் நகரச் செய்தேன். மறுநாள் படம் ஓடிற்று. பறக்கும் உணர்ச்சியோ எழவில்லை. "அண்ணா, இது மத்தாப்புப் பொறி போல் இருக்கிறதே!" என்று தங்கை நகைத்தாள். நான் நாணித் தலைகுனிந்தேன்.

சில நாள் கழித்துப் புகைவண்டியில் செல்ல நேர்ந்தது. பலகணி வழியே நோக்கினேன். அருகிலிருந்த கம்பங்கள் இமைப்பொழுதில் ஓடி மறைந்தன. தொலைவிலிருந்த குன்றோ நெடுநேரம் உடன் வந்தது. வண்டியின் வேகம் ஒன்றே. அண்மையும் சேய்மையும் அன்றோ இவ்வேறுபாட்டைச் செய்தன! என் நிரலில் தொலைவு என்பதே இல்லை என்று அப்போது உணர்ந்தேன். வகுப்பில் கற்ற வடிவொத்த முக்கோணங்கள் நினைவிற்கு வந்தன.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு தொலைவு கொடுத்தேன். நடுக்கோட்டிலிருந்து அது விலகியுள்ள அளவைத் தொலைவால் வகுத்தால், திரையில் தோன்றும் இடம் கிடைக்கும். விலக்கம் 100 என்று கொள்வோம். தொலைவு 10 ஆயின் விண்மீன் நடுவிலிருந்து 10 அலகு தள்ளித் தோன்றும். 5 ஆயின் 20. 2 ஆயின் 50. 1 ஆயின் 100. தொலைவு சீராகக் குறையினும், விண்மீன் முதலில் ஊர்ந்து, பின்னர்ப் பாயும். தொலைவு சுழியானால் வகுக்க இயலாது, நிரல் நின்றுவிடும். ஆதலின், 1-ஐ எட்டிய விண்மீனை மீண்டும் தொலைவில் கொண்டுபோய் வைத்தேன்.

இம்முறை தங்கை மூச்சடக்கிப் பார்த்தாள். பிறகு, "உண்மையிலும் விண்மீன்கள் இப்படித்தான் ஓடுமா, அண்ணா?" என்று கேட்டாள். "ஆம்" என்றிருந்தால் என் பெருமை வளர்ந்திருக்கும். ஆனால் நா எழவில்லை.

"இல்லையம்மா. 1977-இல் ஏவிய வாயேஜர் 1 நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் செல்கிறது. கதிரவனை அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க அதற்கே 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அதில் ஏறிச் சென்றாலும் விண்மீன்கள் அசையாமல் நிற்பனவாகவே தோன்றும்" என்றேன்.

அவள் முகம் வாடுமோ என்று அஞ்சினேன். அவளோ, "வானம் அவ்வளவு பெரியதா!" என்று வியந்து முற்றத்திற்கு ஓடினாள். திரையில் விண்மீன்கள் பறந்துகொண்டிருக்க, நானும் அவள்பின் சென்றேன். என் படம் தந்த மகிழ்ச்சியினும் உண்மை தந்த வியப்பே பெரிது என்பதை அன்று அறிந்தேன்.