சோளக்காட்டு மல்லர்கள்

தாராசிங் என்றதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் எப்படி மலர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 1947இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்து, ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 'கிரேட் வேர்ல்டு' அரங்கில் குஸ்தி பழகியவர் அவர். அவரோடு மோதிய மலைபோன்ற கிங்காங், 1970இல் சிங்கப்பூரில்தான் கண்ணை மூடினார். சம்பள நாளுக்கு மறுநாள் சைக்கிளில் டவுனுக்குப் போய் அந்தச் சண்டைகளைப் பார்த்து வந்தவர்கள், பெரட்டுக்களத்தில் ஒரு வாரம் அதையே பேசுவார்கள். "எல்லாம் பேசி வைத்துக்கொண்டு போடுகிற சண்டை" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அங்கேயே இன்னொரு குஸ்தி நடக்கும்!

அதே தாராசிங் 1968இல் பம்பாயில் ஓர் அமெரிக்கரைத் தோற்கடித்தார். லூ தெஸ் என்பது அந்த அமெரிக்கரின் பெயர். அவர் எங்கிருந்து வந்தார், அவரை உலகமெல்லாம் அனுப்பி வைத்தவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போனால், நியூயார்க்குக்கோ ஹாலிவுட்டுக்கோ போய்ச் சேரமாட்டோம். ஒரு சோளக்காட்டில்தான் போய் நிற்போம். வாருங்கள், அங்கே போவோம்.

சிக்காகோ நகரிலிருந்து மேற்கே காரில் ஏறினால் ஐந்து மணி நேரப் பயணம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியதும் ஐயோவா மாநிலம். ஆடி மாத வாக்கில் போனால் சாலையின் இரு பக்கமும் சோளம், ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும். நம் ரப்பர் நிரைகளைப் போலவே கோடு கிழித்தாற்போன்ற வரிசை. ஒரு வரிசைக்குள் பார்வையை விட்டால் அடுத்த வரிசை வந்து இழுக்கும். ஆனால் லயன் வீடுகள் கிடையாது. அரை மைலுக்கு ஒரு பண்ணை வீடு, ஒரு பெரிய களஞ்சியம், அவ்வளவுதான். அந்தக் களஞ்சியங்களில் வைக்கோலைப் பரப்பி ஒருவரையொருவர் புரட்டிப் பழகிய பிள்ளைகள்தான் பின்னால் அமெரிக்காவின் பெரிய மல்லர்களானார்கள்.

சீடர் ஆற்றங்கரையில் வாட்டர்லூ என்று ஒரு நகரம். ஜான் டியர் டிராக்டர் தொழிற்சாலை இந்த ஊருக்குச் சோறு போடுகிறது. இங்கேதான் டான் கேபிள் பெயரில் மல்யுத்த அருங்காட்சியகம் இருக்கிறது. கேபிள் இந்த ஊர்ப் பிள்ளை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கினார். பள்ளி, கல்லூரி, ஒலிம்பிக் மல்லர்களின் வரலாறு ஒரு பக்கம். கூலிக்கு மேடையேறிய தொழில் மல்லர்களுக்கு இன்னொரு பக்கம். அந்தப் பகுதிக்கு லூ தெஸ்ஸின் பெயரையும் அவருடைய குரு ஜார்ஜ் டிராகோஸின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். நிஜச் சண்டையும் நாடகச் சண்டையும் ஒரே கூரையின் கீழ்! இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்பேன்.

கேபிள் பிறந்த அதே 1948இல், ஜூலை மாதம், இதே வாட்டர்லூவில் ஒரு ஓட்டலில் சில முதலாளிகள் கூடிப் பேசினார்கள். குஸ்திக்கு அரங்கம் பிடித்து, டிக்கெட் விற்று, மல்லர்களுக்குக் கூலி கொடுக்கும் புரோமோட்டர்கள் இவர்கள். கூட்டியவர் டெமாயின் நகரத்துப் பிங்கி ஜார்ஜ். அன்று பிறந்ததுதான் தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பு.

இதன் ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள், நமக்குப் புரியாத விஷயமல்ல. நாட்டைப் பல வட்டாரங்களாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் கடை விரிக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஓர் உலக சாம்பியன். அவர் ஊர் ஊராக வந்து அந்தந்த வட்டாரத்து வீரனோடு மோதிவிட்டுப் போவார். அரங்கம் நிறையும். வசூலில் மல்லனுக்கு எவ்வளவு என்பதை முதலாளி சொல்வார். பெட்ரோலும் சாப்பாடும் அறை வாடகையும் பெரும்பாலும் மல்லனின் கைக்காசு. ஒரு முதலாளியிடம் முறைத்துக்கொண்டால் அவர் மற்றவர்களுக்குத் தகவல் கொடுப்பார். அப்புறம் எந்த வட்டாரத்திலும் மேடை கிடைக்காது. ஒரு தோட்டத்தில் பெயர் வெட்டினால் அடுத்த தோட்டத்துக் கங்காணியும் கைவிரிக்கிற கதைதான்!

முதல் சாம்பியன் ஆர்வில் பிரவுன், கன்சாஸ் சிட்டிக்காரர். லூ தெஸ் அப்போது இன்னொரு சங்கத்தின் சாம்பியன். இருவரும் மோதி, 1949 நவம்பர் கடைசியில் யார் ஒரே சாம்பியன் என்று தீர்ப்பதாக இருந்தது. நவம்பர் முதல் தேதி பிரவுனின் கார் ஒரு லாரியில் மோதியது. உயிர் பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. பட்டம் சண்டையில்லாமலே தெஸ்ஸுக்குப் போயிற்று. பேசி வைத்த சண்டை என்று ஏளனம் செய்கிறோமே, அந்த இரவுச் சாலையில் யாரும் எதையும் பேசி வைக்கவில்லை. தினம் ஒரு ஊர் என்று காரிலேயே காலம் கழித்த இந்தத் தொழிலில் மேடையைவிடச் சாலை அதிகமாகக் காவு வாங்கியிருக்கிறது.

தெஸ்ஸின் தகப்பனார் செயின்ட் லூயிஸ் நகரத்தில் செருப்புத் தைத்தவர். ஹங்கேரி வழி வந்த குடும்பம். மகனும் அந்தக் கடையில் உட்கார்ந்து வேலை செய்தவர்தான். 1937இல், 21 வயதில், முதல் உலகப் பட்டம் வாங்கினார். முடிவைப் பேசி வைத்த ஆட்டத்தில் இப்படி ஒருவர் எதற்கு என்று கேட்பீர்கள். மேடையில் எதிராளி திடீரென்று சொன்ன பேச்சை மீறிப் பட்டத்தைப் பிடுங்கப் பார்த்தால், நிஜமாகவே மடக்கிப்போடத் தெரிந்த ஆள் சாம்பியனாக இருக்க வேண்டும் அல்லவா? முதலாளிகள் தெஸ்ஸை விரும்பியதற்கு அதுதான் காரணம். அவர் 1990இல் ஜப்பானில் கடைசியாக மேடையேறியபோது வயது 74!

தெஸ்ஸுக்கு மானேஜராக ஊர் ஊராகக் கூடவே போனவர் எட் லூயிஸ். 1920களில் 'கழுத்து நெரிப்பவர்' என்ற பட்டப்பெயரோடு நாட்டையே கலக்கிய சாம்பியன். அந்தக் காலத்துக் குஸ்தி விரிப்புகளின் அழுக்கு ட்ரக்கோமா என்ற கண்நோயை மல்லர்களுக்கிடையே பரப்பியது. லூயிஸும் அதற்குத் தப்பவில்லை. கடைசிக் காலத்தில் பார்வையை இழந்து, 1966இல் இறந்துபோனார்.

நம் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு, மில்ட்ரெட் பர்க். கன்சாஸ்காரப் பெண். 1930களில் திருவிழாக் கூடாரங்களில், "எங்கள் பெண்ணை மல்லாத்துகிற ஆண்பிள்ளைக்குப் பரிசு" என்று முழக்குவார்கள். இவர் இறங்குவார். வந்த ஆண்பிள்ளைகள்தான் மல்லாந்து கிடப்பார்கள்! அவரை வைத்து ஆட்டம் நடத்திய பில்லி வோல்ப் அவருக்குக் கணவரும் ஆனார். அடி வாங்கியது இவர் உடம்பு, பையைப் பிடித்திருந்தது அவர் கை. வேறு பெண்களோடும் அந்த மனிதர் தாராளமாகப் பழகினார். 1950களின் தொடக்கத்தில் இருவரும் பிரிந்தார்கள். பிரிந்ததும் முதலாளிமார் பலர் வோல்பின் பக்கமே சாய்ந்தார்கள். 1954 ஆகஸ்டில் அட்லாண்டா நகரில் வோல்பின் மருமகள் ஜூன் பையர்ஸோடு மோதல். இது பேசி வைத்ததல்ல, நிஜம். முதல் சுற்றை பர்க் இழந்தார். இரண்டாம் சுற்று முடியவே இல்லை, ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பையர்ஸ் ஜெயித்தார் என்று பரப்பப்பட்டது. இருபது வருட உழைப்பை இப்படியா ஒரு ராத்திரியில் கழற்றி எடுப்பது? பர்க் ஒடுங்கிவிடவில்லை. பிறகு பெண்களுக்குக் குஸ்தி கற்றுக் கொடுத்துப் பிழைத்தார்.

முதலாளிகளின் கூட்டு அரசாங்கத்தின் கண்ணில் படாமல் போகவில்லை. 1956இல் அமெரிக்க நீதித்துறை, ஐயோவா மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்திலேயே கூட்டமைப்பின்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. வட்டாரப் பங்கீட்டையும் மல்லர்களை விலக்கி வைப்பதையும் விட்டுவிடுவதாகக் கூட்டமைப்பு கையெழுத்துப் போட்டுத் தப்பித்தது. காகிதத்தில் விட்டார்கள். வட்டாரங்கள் மட்டும் 1980கள் வரை அப்படியேதான் இருந்தன.

ஐயோவாவுக்கு வடக்கே எல்லை தாண்டினால் மினசோட்டா. அங்கே வெர்ன் கான்யே என்ற கல்லூரி சாம்பியன் 1960இல் சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கினார். மல்லரும் அவரே, முதலாளியும் அவரே. புது ஆட்களைத் தம் பண்ணைக் களஞ்சியத்தில் வைத்துப் பழக்குவார். மினசோட்டாவின் பனிக்காலத்தில், சூடேற்றும் வசதியில்லாத களஞ்சியம்! நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் பிடியே சொல்லித் தருவார். 1972இல் அங்கே சேர்ந்த ரிக் பிளேர் பொறுக்க முடியாமல் ஓடிப்போனார். கான்யே வீட்டுக்கே போய் இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் பதினாறு முறை உலக சாம்பியன் என்று பெயர் வாங்கியவர்.

1983 இறுதியில் கான்யேயிடமிருந்த ஹல்க் ஹோகன் நியூயார்க்குக்குத் தாவினார். அங்கே வின்ஸ் மக்மேன் என்பவர் தகப்பனாரின் நிறுவனத்தை 1982இல் விலைக்கு வாங்கி, வட்டாரக் கோடுகளையெல்லாம் அழித்துத் தொலைக்காட்சி வழியே நாடு முழுவதும் கடை விரித்தார். 1989இல் நியூ ஜெர்சியில், வரியையும் அரசு மேற்பார்வையையும் தவிர்ப்பதற்காக, "இது போட்டியல்ல, கேளிக்கை" என்று அவர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. பெரட்டுக்களத்து விவாதத்துக்கு இப்படிக் காசுக் கணக்கில் தீர்ப்பு கிடைத்தது! கான்யேயின் சங்கம் 1991இல் திவாலானது.

ஒன்று மட்டும் மாறவில்லை, மல்லனுக்கு யூனியன் கிடையாது. 1986இல் ஜெஸ்ஸி வெஞ்சுரா என்ற மினசோட்டா மல்லர், சக மல்லர்களைக் கூட்டி யூனியன் தொடங்கலாம் என்று பேசினார். செய்தி முதலாளி காதுக்குப் போயிற்று, முயற்சி அத்தோடு நின்றது. போட்டுக்கொடுத்தது ஹோகன்தான் என்று பின்னால் வழக்கின்போது தமக்குத் தெரியவந்ததாக வெஞ்சுரா சொல்லியிருக்கிறார். அந்த வழக்கில் 1994இல் அவருக்கு 8 லட்சம் டாலருக்குமேல் கிடைத்தது. 1998 தேர்தலில் மினசோட்டாவின் கவர்னராகவும் ஜெயித்தார். ஆனால் மல்லர்களை இன்றுவரை 'தனி ஒப்பந்தக்காரர்' என்றுதான் எழுதுகிறார்கள். மேடையில் பட்ட காயத்துக்கு நிறுவனம் வைத்தியம் பார்த்தாலும், குடும்பத்து மருத்துவக் காப்புறுதியும் வயதான காலத்துப் பணமும் அவரவர் பாடு. நம் தோட்டத்து யூனியனில் ஆயிரம் குறை சொல்கிறோம். சந்தா கட்ட ஒரு சங்கம்கூட இல்லாத சாம்பியன்களைப் பாருங்கள்.

வாட்டர்லூவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் போனால் போர்ட் டாட்ஜ் என்ற ஊர் வரும். 1899 டிசம்பரில் இங்கே பார்மர் பர்ன்ஸ் என்ற மல்லர் வந்திருந்தார். எடை 170 பவுண்டுக்குள்தான், ஆனால் கழுத்து மட்டும் 20 அங்குலச் சுற்று! கழுத்தில் சுருக்கை மாட்டித் தூக்குமேடைபோலக் கீழே விழுந்து, தொங்கியபடியே சீட்டியடித்துக் காட்டுவார். (பிள்ளைகளே, இதைச் செய்து பார்க்காதீர்கள்.) அவரோடு மோத ஒரு பண்ணைப் பையன் மேடையேறினான். 11 நிமிடம் தாக்குப்பிடித்துத் தோற்றான். கிழவர் அவனை அங்கேயே சீடனாக எடுத்துக்கொண்டார். அந்தப் பையன் பிராங்க் காட்ச்.

1901இல் காட்ச் தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன குளோண்டைக் பனிப்பிரதேசத்துக்குப் போனார், பெயரை மாற்றிக்கொண்டு! முன்பின் தெரியாத ஆள்போல மேடையேறிச் சுரங்கத் தொழிலாளிகளின் பந்தயப் பணத்தைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வழித்துக்கொண்டு வந்தார். அவரைப் பற்றிய பெருமைகளுக்கு நடுவே இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வியர்வைக் காசு எந்த நாட்டிலும் ஒன்றுதானே!

1908 ஏப்ரலில் சிக்காகோவில், 'ரஷ்யச் சிங்கம்' ஹாக்கென்ஷ்மிட்டோடு இரண்டு மணி நேரம் நின்றபடியே போராடி, அவரை விட்டுக்கொடுக்க வைத்து உலக சாம்பியனானார். உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டார், நகத்தால் கீறினார் என்று தோற்றவர் குமுறினார். 1911 செப்டம்பரில் மறுபடியும் மோதல். ஏறக்குறைய 30,000 பேர், வசூல் 87,000 டாலர். ஹாக்கென்ஷ்மிட் முழங்காலில் அடிபட்ட நிலையிலேயே மேடைக்கு வந்தார். எல்லாம் அரை மணிக்குள் முடிந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். பிறகு அந்த ஆட்டத்தின்மீது அமெரிக்கர்களுக்குப் பழைய நம்பிக்கை வரவே இல்லை.

போர்ட் டாட்ஜுக்கு வடக்கே அரை மணி நேரத்தில் ஹம்போல்ட், காட்ச் பிறந்த ஊர். ஐந்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். சம்பாதித்த பணத்தோடு அவர் இங்கேதான் திரும்பி வந்தார், நிலம் வாங்கினார், கல்யாணம் செய்துகொண்டார். 1917 டிசம்பரில் சிறுநீரகக் கோளாறு முற்றி இறந்தபோது வயது 40தான். ஊர்ப் பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் அடங்கிய கல்லறை மாடம் ஊர் இடுகாட்டில். சிலையைப் பார்த்துவிட்டு ஊரைத் தாண்டினால் மறுபடியும் சோளம். காற்று வீசும்போது இலைகள் சரசரக்கும். பண்ணைக் களஞ்சியங்களின் கதவுகள் திறந்தே கிடக்கும்.