ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்

"கிரிவலப் பாதையில் அடையாளம் தெரியாத ஆண் சடலம். வயது சுமார் 60, காவி வேட்டி." இப்படி ஒரு துண்டுச் செய்தி நம் ஊர்க்காரர்கள் கண்ணில் அடிக்கடி பட்டிருக்கும். வி.ஏ.ஓ.வாக இருந்தவன் என்பதால் எனக்கு அந்த வாசகம் மனப்பாடம். அனாதையாக யாராவது இறந்து கிடந்தால் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை.

புகாரில் அவர் சடலம். அதன்பேரில் 174-ஆவது பிரிவில் (2024 ஜூலை முதல் அது 194) நடப்பது பிரேத விசாரணை. ஆஸ்பத்திரியில் வைப்பது பிணவறையில். அங்கிருக்கும் ஊழியருக்கு பாடி. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு நான்கு பெயர்.

இவற்றில் பிணம்தான் நம் பழைய தமிழ்ச் சொல். நாம் பொணம் என்போம். பிரேதம் வடமொழி, புறப்பட்டுப் போனது என்று பொருள். சாஸ்திரம் தெரிந்தவரைக் கேட்டால், பிரேதம் என்பது கிடக்கிற உடம்பு அல்ல, பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம் ஆகும்வரை தவிக்கிற உயிர் என்பார். சர்க்கார் அதை உடம்புக்கு வைத்துவிட்டது. சடலத்தின் கதை இன்னும் வேடிக்கை. சித்தர் பாடல்களில் நடமாடுகிற உடம்பும் சடலம்தான். பேப்பர்காரர்கள் கைக்கு வந்தபிறகுதான் அது செத்தது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் சவம் என்பது உயிரோடு இருப்பவரைத் திட்டுவதற்கும் ஆகும்!

சாவு வீட்டில் இந்தச் சொல் எதுவும் வாயில் வராது, கவனித்திருக்கிறீர்களா? "எப்ப எடுக்கறாங்க?" என்றுதான் கேட்போம். எதை என்று யாரும் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு வேறு சொற்கள். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது ஆசிரமத்தில் இருந்தது திருமேனி. எரிக்கவில்லை, சமாதி வைத்தார்கள். 1922-இல் மறைந்த அவருடைய தாயார் அழகம்மாளையும் அப்படித்தான். இன்று அந்த இடம் மாத்ருபூதேஸ்வரர் சன்னிதி. ஆனால் அதே ரமணர் 1896-இல், பதினாறு வயதில், மதுரை வீட்டு மாடியில் கைகாலை விறைத்துக்கொண்டு பிணம் போலப் படுத்துப் பார்த்தவர். அவருக்கு அந்தச் சொல்லில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

கிளி கோபுரத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அருணகிரிநாதர் உடம்பை விட்டுவிட்டுக் கிளி உடம்பில் புகுந்து பாரிஜாதம் பறிக்கப் போனார். சம்பந்தாண்டான் அந்த உடம்பை எரித்துவிட்டான். ஒருவருக்குத் திரும்பி வந்து புகவேண்டிய வீடு, இன்னொருவனுக்குக் கொளுத்தவேண்டிய பிணம்.

நான் வேலையில் இருந்தபோது, ஒரு மார்கழி விடியலில் ஆதி அண்ணாமலைப் பக்கம் ஒரு சாமியார் மரத்தடியில் இறந்து கிடந்தார். நான் புகார் எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், அடையாளம் தெரியாதவர்னு எழுதறீங்க? பதினோரு வருஷமா என் கடையிலதான் டீ குடிக்கறாரு."

"பேர் சொல்லுங்க, எழுதறேன்."

"சாமி."

"ஊரு?"

"இதான் சார்."

சீடர்கள் நான்கு பேர் இருந்திருந்தால் அன்றைக்கே மாலை, மேளம், வில்வம், விபூதி எல்லாம் வந்திருக்கும். சாமி சமாதி அடைந்தார் என்று போஸ்டரும் ஒட்டியிருப்பார்கள். இவருக்கு இருந்தது ஒரு டீக்கடைக்காரர். சில நாள் பிணவறையில் வைத்திருந்து, யாரும் வராததால் புதைக்க ஏற்பாடு ஆயிற்று. கடையை மூடிவிட்டு அவர் வந்தார். சம்மணம் போட்டு உட்காரவைத்துப் புதைக்க முடியுமா என்று கேட்டார். உடம்பு மடங்காது என்றார்கள். சரி, தலையையாவது மலையைப் பார்த்து வையுங்கள் என்றார். அதைச் செய்தார்கள். கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவரே கொட்டினார்.

பக்கத்தில் ஒருவர் நோட்டில் வரி எழுதிக்கொண்டிருந்தார்: அனாதைப் பிணம், ஆண், 1.