கரகரத்தது எது?

வானொலியின் சத்தத்தைக் கூட்டும்போது "கரகர" என்ற இரைச்சல் உங்கள் வீட்டிலும் எழுந்ததுண்டா? அப்படியானால், ஒரு சிறு குமிழ் எனக்குப் புகட்டிய பாடத்தைக் கேளுங்கள்.

கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் பழைய அம்பிளிபயர் ஒன்று இருக்கிறது. 1988இல் வாப்பா வாங்கியது. வாப்பா மௌத்தான பிறகு, காது மந்தமான என் உம்மா வானொலி முஸ்லிம் சேவையைக் கேட்பது அதில்தான். சென்ற நோன்பு மாதத்தில் அது கெட்டுப்போனது. குமிழைத் திருப்பினால் ஒரே இரைச்சல். ஓரிடத்தில் வலது பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். உம்மா வானொலி கேட்பதையே விட்டுவிட்டார்.

என் கோபமெல்லாம் பதினைந்து வயது மகன் மேல் பாய்ந்தது. "நீதான் பாட்டுப் போட்டு முறுக்கிக் கெடுத்தாய்!" என்றேன். "நான் ஒன்டுமே செய்யல்ல உம்மா" என்றான். நான் நம்பவில்லை. இரண்டு நாட்கள் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடையொன்றில் காட்டினோம். "பழசு, வீசிவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்கள். உம்மாவின் கண் கலங்கியது. பக்கத்துத் தெருவில் ரேடியோ திருத்தும் தம்பி ஒருவரை அழைத்தோம்.

அவர் பிளக்கைக் கழற்றி, சற்றுப் பொறுத்தே மூடியைத் திறந்தார். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே மின் தேங்கி நிற்குமாம். நாம் கை வைக்கக் கூடாது சகோதரிகளே!

குமிழுக்குக் கீழே குதிரை லாட வடிவில் ஒரு கரிப் பாதை. அதன் மேல் சின்ன உலோக நாக்கொன்று உரசி நகர்கிறது. அதில் தூசியும் அழுக்கும் படிந்தால் தொடுகை விட்டு விட்டு வரும், இரைச்சல் எழும். மழையும் ஈரமும் மிகுந்த நம் கண்டியில் கேட்கவா வேண்டும்? கொன்டாக்ட் கிளீனரைச் சிறிது தெளித்து, குமிழை இருபது முப்பது தடவை இரு பக்கமும் திருப்பினார். தேங்காய் எண்ணெய் விடுவது தவறாம். அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும்.

நன்றாகக் காய்ந்த பின் போட்டுப் பார்த்தோம். வலது பக்கம் பேசியது. இடது பக்கம் கரகரப்பு நிற்கவில்லை!

"புதுக் குமிழ் போடுவோமா?" என்றேன். "பொறுங்க ராத்தா" என்று மீற்றரை வைத்துப் பார்த்தார். குமிழுக்கு முன்னால் ஒரு கொள்ளளவி. பாட்டையும் பேச்சையும் மட்டும் விட்டு, நேரோட்டத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அது முதுமையால் கசிந்து, வரக் கூடாத மின்சாரம் குமிழுக்கு வந்திருக்கிறது. அந்த நிலையில் புதுக் குமிழ் போட்டாலும் கரகரக்கத்தான் செய்யுமாம்! கொள்ளளவியை மாற்றினார், இரைச்சல் ஓய்ந்தது.

அன்று இஃப்தார் நேரத்தில் வானொலி பாங்கு தெளிவாக ஒலித்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கோ பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்கவில்லை. சத்தம் கேட்ட இடத்தில்தான் குற்றம் என்று நினைத்து, குமிழையும் பழித்தேன், மகனையும் பழித்தேன். முதல் பழத்தை அவன் கையில் கொடுத்து, "உம்மா மேல்தான் பிழை மகன்" என்றேன். சிரித்துவிட்டான்.

சகோதரிகளே! வீட்டில் ஏதாவது கரகரத்தால், கையில் அகப்பட்டவர் மேல் பழியைப் போடுமுன் ஒரு நிமிடம் பொறுங்கள். கசிவு வேறெங்கோ இருக்கலாம்.